ஆஸ்பிரினுடன் இன்னொரு இரத்த உறைவுத் தடுப்பு மருந்து: எவ்வளவு, எவ்வளவு காலம்?

இருதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் ஒருவரின் மருந்துப் பையில், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று ஆஸ்பிரின். மற்றொன்று குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரலோர். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவராக இருந்தால் வார்ஃபரின், ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூன்றாவதாகச் சேரக்கூடும். இவை எல்லாவற்றையும் மலாயில் ‘உபாட் சாயிர் டாரா’ என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். தமிழிலும் ‘இரத்தத்தை இளக்கும் மருந்து’ என்கிறோம். குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லாமே ஒன்றுதானே, எதற்கு இரண்டு என்று எண்ணி ஒன்றை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது என்று ஓராண்டில் முடிய வேண்டியதை ஐந்தாண்டு சாப்பிடுபவர்களும் உண்டு. முதலாமவருக்கு மாரடைப்பு ஆபத்து, இரண்டாமவருக்கு இரத்தக்கசிவு ஆபத்து.

உண்மையில் இந்த மருந்துகள் எதுவும் இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. இரத்தம் கட்டியாக உறையும் வேலையில் வெவ்வேறு இடங்களில் குறுக்கிடுகின்றன.

இரண்டு குடும்பங்கள்

இரத்தம் உறைவதற்கு இரண்டு தரப்பு வேலை செய்கிறது. ஒன்று பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். டிங்கி காய்ச்சலின்போது எண்ணிக்கை குறைகிறதே, அதே தட்டணுக்கள்தான். குழாயின் உட்சுவர் கிழிந்த இடத்தில் இவை ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. மற்றொன்று, கல்லீரல் உற்பத்தி செய்யும் உறைவுப் புரதங்கள். இவை ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் ஃபைப்ரின் என்ற நார்வலையைப் பின்னுகின்றன.

வேகமாக இரத்தம் ஓடும் இருதயக் குழாய்களில் கொழுப்புப் படிவு வெடித்து உண்டாகும் கட்டியில் தட்டணுக்களின் பங்கு பெரிது. அதனால் மாரடைப்புக்கும் ஸ்டென்டுக்கும் தட்டணு மருந்துகள் தரப்படுகின்றன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாக்ரலோர், பிராசுக்ரெல் ஆகியவை இந்தக் குடும்பம். இதய மேலறை சரியாகச் சுருங்காமல் படபடத்து, இரத்தம் தேங்கி உண்டாகும் கட்டியில் நார்வலையின் பங்கு பெரிது. அங்கே உறைவு எதிர்ப்பு மருந்துகள் வேண்டும். வார்ஃபரினும், பின்னர் வந்த டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், எடோக்சபான் ஆகியவையும் அந்தக் குடும்பம்.

ஆகவே ஒரு குடும்பத்து மருந்து மற்றதன் வேலையை முழுதாகச் செய்யாது. இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கும்போதுதான் மருத்துவருக்கும் சிக்கல்.

ஆஸ்பிரினில் 100 மில்லிகிராம் ஏன் போதும்?

ஆஸ்பிரின் 1899இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வலி மாத்திரையாகச் சந்தைக்குக் கொண்டுவந்த மருந்து. அது தட்டணுக்களைத் தடுக்கும் விதத்துக்கு அடிப்படையான புரோஸ்டாகிளாண்டின் ஆய்வை 1971இல் வெளியிட்ட பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாரடைப்பில் அதன் மதிப்பை ஐயமின்றிக் காட்டியது 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. 17,187 நோயாளிகள் கலந்துகொண்ட அதில், மாரடைப்பு வந்த உடனே தொடங்கி ஒரு மாதம் தினமும் 162.5 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே இருதய, இரத்தக்குழாய் மரணங்கள் 23 விழுக்காடு குறைந்தன.

ஆஸ்பிரின் தட்டணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் புதிய நொதியை உண்டாக்க முடியாது. ஒருமுறை முடங்கிய தட்டணு தன் வாழ்நாளான 7 முதல் 10 நாள் வரை முடங்கியே இருக்கும். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள்தான் புதிதாக வருகின்றன. அவற்றை முடக்க மிகச் சிறிய அளவே போதும். ஒரு வாரம் தொடர்ந்து எடுத்தால் நாளுக்கு 30 மில்லிகிராம்கூட அந்த வேலையைச் செய்துவிடும் என்று காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் 300 மில்லிகிராம் எடுத்தால் கூடுதல் என்ன? இருதயத்துக்கு ஒன்றுமில்லை. வயிற்றுக்குத்தான் கூடுதல் கேடு. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பொருளையும் ஆஸ்பிரின் குறைப்பதால், அளவு ஏற ஏறப் புண்ணும் கசிவும் ஏறும். 2010இல் வெளியான ஓயேசிஸ்-7 ஆய்வில் 25,086 பேரிடம் 75–100 மில்லிகிராமும் 300–325 மில்லிகிராமும் ஒப்பிடப்பட்டன. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2021இல் அமெரிக்காவில் 15,076 பேரிடம் நடந்த அடாப்டபிள் ஆய்விலும் 81, 325 என்ற இரண்டு அளவுக்கும் பலன் ஒன்றே. 325 எடுக்கச் சொல்லப்பட்டவர்களில் பத்தில் நால்வர் தாமாகவே 81க்கு மாறிவிட்டார்கள் என்பது தனிக் கதை.

இந்த எண்கள் நாட்டுக்கு நாடு மாறுவதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலும் 100 மில்லிகிராம். நம்மில் பலருக்குத் தெரிந்த கார்டிபிரின் மாத்திரை 100 மில்லிகிராம் ஆஸ்பிரினுடன் வயிற்றெரிச்சலைக் குறைக்க கிளைசின் சேர்த்தது. இந்தியாவில் 75, அமெரிக்காவில் 81. அமெரிக்காவின் பழைய வலி மாத்திரை 325 மில்லிகிராம். அதில் கால்வாசிதான் 81, வேறு மருத்துவக் காரணம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. 75 முதல் 100 வரை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

விதிவிலக்கு ஒன்று: மாரடைப்பு வரும் நேரம். அப்போது ஒரு வாரம் காத்திருக்க முடியாது. எல்லாத் தட்டணுக்களையும் நிமிடங்களில் முடக்க வேண்டும் என்பதால்தான் முதல் தடவை மட்டும் 300 மில்லிகிராம் அளவில் கொடுத்து மென்று விழுங்கச் சொல்கிறார்கள். மறுநாளிலிருந்து 100 போதும்.

இரண்டு தட்டணு மருந்து சேரும்போது

ஆஸ்பிரின் ஒரு வழியை அடைக்கிறது. குளோபிடோக்ரெல், டிகாக்ரலோர், பிராசுக்ரெல் மூன்றும் தட்டணுவின் வேறொரு வழியை அடைக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும் என்பதை 2001இல் வெளியான கியூர் ஆய்வு காட்டியது. 12,562 நோயாளிகளில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் மூன்றும் சேர்த்து 11.4 விழுக்காடு, குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுத்தவர்களிடையே 9.3 விழுக்காடு. ஆனால் பெரிய இரத்தக்கசிவு 2.7லிருந்து 3.7 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆய்வை ஆஸ்பிரின் அளவுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 100க்கு மேல் போனவர்களுக்குக் கசிவு கூடியதே தவிர கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

வழக்கமான அளவுகள் இவை: குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறை. டிகாக்ரலோர் 90 மில்லிகிராம் காலை, மாலை என இருமுறை. பிராசுக்ரெல் 10 மில்லிகிராம் ஒருமுறை. 60 கிலோவுக்குக் கீழ் எடையுள்ளவர்களுக்கும் 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் கொடுக்க நேர்ந்தால் 5 மில்லிகிராம். முன்பு பக்கவாதம் வந்தவருக்கு பிராசுக்ரெல் கொடுப்பதே இல்லை.

டிகாக்ரலோர் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 2009இல் வெளியான பிளேட்டோ ஆய்வில் 18,624 பேரிடம் அது குளோபிடோக்ரெலைவிடச் சிறப்பாக வேலை செய்தது. ஆனால் அமெரிக்க நோயாளிகளிடம் மட்டும் பலன் தெரியவில்லை. காரணம் தேடியபோது, அங்கே பலர் 300 மில்லிகிராமுக்கு மேல் ஆஸ்பிரின் எடுத்தது கண்ணில் பட்டது. அதனால் 2011இல் அமெரிக்கா இம்மருந்தை அனுமதித்தபோதே, முதல் நாளுக்குப் பிறகு ஆஸ்பிரின் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. இங்கே ஆஸ்பிரின் அளவு வயிற்றை மட்டும் பொறுத்ததல்ல. கூட இருக்கும் விலையுயர்ந்த மருந்தின் பலனையே அது குறைத்துவிடலாம். தலைவலிக்கு என்று 300 மில்லிகிராம் கரையும் ஆஸ்பிரினை மளிகைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிகாக்ரலோருக்கு இன்னொரு குணம், சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். இருதயம் மறுபடி கெட்டுவிட்டதோ என்று பயந்து மருந்தைத் தாமே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால், இது மருந்தாலா நோயாலா என்று பார்த்து, தேவைப்பட்டால் குளோபிடோக்ரெலுக்கு மாற்றித் தருவார்.

எவ்வளவு காலம் என்பதுதான் அடுத்த கேள்வி. மாரடைப்புக்குப் பின் வழக்கமாக 12 மாதம். மாரடைப்பு இல்லாமல், நெஞ்சு இறுக்கத்துக்காகத் திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்தால் 6 மாதம். இரத்தம் கசியும் ஆபத்து அதிகம் உள்ளவருக்கு அதைவிடக் குறைவாகவும் முடிக்கிறார்கள். அதன்பின் ஒன்று மட்டும் வாழ்நாள் முழுதும் தொடரும். அது பெரும்பாலும் ஆஸ்பிரின். சமீப ஆண்டுகளில் ஆஸ்பிரினை முதலில் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரும் முறையும் வந்துள்ளது. 2019இல் வெளியான டுவைலைட் ஆய்வில், மூன்று மாதத்துக்குப் பிறகு டிகாக்ரலோர் மட்டும் எடுத்தவர்களுக்குக் கசிவு 4.0 விழுக்காடு, இரண்டும் எடுத்தவர்களுக்கு 7.1 விழுக்காடு, மாரடைப்பு கூடவில்லை. எனவே உங்கள் நண்பருக்கு ஆஸ்பிரினை நிறுத்தி, உங்களுக்கு குளோபிடோக்ரெலை நிறுத்தினால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை.

நிறுத்தும் தேதியை நோயாளியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. மருத்துவமனையில் தொடங்கிய மருந்தை அரசாங்க சுகாதார கிளினிக்கோ பலதுறை மருந்தகமோ தொடர்ந்து கொடுத்துவரும்போது, 12 மாதம் எப்போது முடிந்தது என்பது தாளில் மறைந்து போகிறது. மருந்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘குளோபிடோக்ரெல் இந்த மாதம் வரை’ என்று எழுதித் தரும்படி வார்டிலேயே கேளுங்கள்.

மூன்றாவது மருந்து: இங்கேதான் ஆஸ்பிரின் விலக வேண்டியிருக்கிறது

இதய மேலறை படபடப்பு உள்ளவருக்கு ஸ்டென்டும் வைக்க நேர்ந்தால், முன்பெல்லாம் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மூன்றையும் பல மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டி உறையவில்லை, ஆனால் வயிற்றிலும் மூக்கிலும் சிறுநீரிலும் இரத்தம் வந்தது. 2013இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் 573 பேரிடம் நடந்த வோஸ்ட் ஆய்வு இந்த வழக்கத்தை அசைத்தது. மூன்றும் எடுத்தவர்களில் ஓராண்டில் 44.4 விழுக்காட்டினருக்குச் சிறிதோ பெரிதோ இரத்தக்கசிவு. ஆஸ்பிரினை எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் கொடுத்தவர்களில் அது 19.4 விழுக்காடு.

2019இல் 4,614 பேரிடம் நடந்த ஆகஸ்டஸ் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க இரத்தக்கசிவு ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு 16.1 விழுக்காடு, எடுக்காதவர்களுக்கு 9.0 விழுக்காடு. வார்ஃபரின் வகையைவிட அபிக்சபானில் கசிவு குறைவு என்பதும் அதில் தெரிந்தது.

இப்போதைய நடைமுறை சுருக்கமாக இதுதான். மூன்று மருந்தும் சேர்ந்து முதல் ஒரு வாரம் வரை, அதாவது ஏறக்குறைய மருத்துவமனையில் இருக்கும் காலம். ஸ்டென்ட் அடைபடும் ஆபத்து மிக அதிகமாக இருந்தால் ஒரு மாதம் வரை. பிறகு ஆஸ்பிரின் நிற்கும். உறைவு எதிர்ப்பு மருந்தும் குளோபிடோக்ரெலும் 6 முதல் 12 மாதம் தொடரும். ஓராண்டுக்குப் பின் உறைவு எதிர்ப்பு மருந்து மட்டும். மூன்றாவது மருந்து உள்ள காலத்தில் டிகாக்ரலோரையும் பிராசுக்ரெலையும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

ஓராண்டு கடந்த பிறகும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆஸ்பிரினைத் தொடரலாமா? ஜப்பானில் 2019இல் வெளியான அஃபயர் ஆய்வு, ரிவராக்சபான் மட்டும் எடுத்தவர்கள் அதனுடன் தட்டணு மருந்தும் எடுத்தவர்களைவிட நலமாக இருந்ததைக் காட்டியது. 2025இல் பிரான்சில் ஆபத்து அதிகமுள்ள 872 ஸ்டென்ட் நோயாளிகளிடம் நடந்த அக்குவாட்டிக் ஆய்வில், உறைவு எதிர்ப்பு மருந்துடன் ஆஸ்பிரினும் எடுத்த குழுவில் மரணங்கள் கூடியதால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். அந்த மாத்திரையின் அளவு 100 மில்லிகிராம்தான். சின்ன மாத்திரை, சின்ன அளவு என்று அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே வார்ஃபரினோ எலிக்விஸோ சரெல்டோவோ பிரடாக்சாவோ எடுப்பவர், ஸ்டென்ட் வைத்து ஓராண்டு தாண்டியும் பையில் ஆஸ்பிரின் இருந்தால், அடுத்த சந்திப்பில் ‘இது இன்னும் வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். நிறுத்த வேண்டும் என்றல்ல. தொடர்வதற்குக் காரணம் இருக்கலாம்.

உதாரணமாக, உலோகத்தாலான செயற்கை இதய வால்வு உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் புதிய மருந்துகள் ஆகாது, வார்ஃபரின் மட்டுமே. சிலருக்கு அதனுடன் குறைந்த அளவு ஆஸ்பிரினும் வேண்டியிருக்கும். அது இருதய மருத்துவர் எடுக்கும் முடிவு.

ரிவராக்சபானிலும் ஒரு குழப்பம் உண்டு. இதய மேலறை படபடப்புக்கு 15 அல்லது 20 மில்லிகிராம் ஒருமுறை, உணவோடு. ஆனால் இருதயக் குழாய் நோய்க்காக ஆஸ்பிரின் 100 மில்லிகிராமுடன் 2.5 மில்லிகிராம் இருமுறை என்று சிலருக்குக் கொடுக்கிறார்கள். 2017இல் 27,395 பேரிடம் நடந்த கொம்பாஸ் ஆய்விலிருந்து வந்த முறை இது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 5.4 விழுக்காட்டினருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இருதய மரணமோ நேர்ந்தது. இரண்டும் எடுத்தவர்களில் 4.1. பெரிய கசிவு 1.9லிருந்து 3.1 விழுக்காடானது. மருந்தின் பெயர் ஒன்றே, நோக்கமும் அளவும் வேறு. கணவன் மனைவி இருவரும் ‘சரெல்டோ’ எடுக்கும் வீட்டில் மாத்திரைகளை மாற்றிக்கொள்ளவே கூடாது.

சந்தைக்குப் போய் வாங்கிவரும் ஆபத்துகள்

பொன்ஸ்டான், வோல்டரன், ஐபுபுரோஃபன், ஆர்க்கோசியா. மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் நம் வீடுகளில் புழங்கும் பெயர்கள் இவை. இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவருக்கு இவை வயிற்றுக் கசிவைக் கூட்டுகின்றன. இருதய நோயாளிக்கு நேரடியாகவே நல்லவை அல்ல. ஐபுபுரோஃபனுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அது முன்னால் போய் அந்த நொதியில் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரினுக்கு இடம் கிடைக்காது. அன்றைய ஆஸ்பிரின் வீண். வலிக்குப் பெரும்பாலும் பாரசிட்டமால் போதும். வார்ஃபரின் எடுப்பவர்கள் அதையும் தொடர்ந்து பல நாள், முழு அளவில் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வயிற்றுக் காப்புக்கு என்று கொடுக்கும் மாத்திரைகளிலும் தேர்வு வேண்டும். ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் குளோபிடோக்ரெல் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைக் குறைக்கின்றன. அதனால் குளோபிடோக்ரெல் எடுப்பவருக்குப் பெரும்பாலும் பாண்டோபிரசோல் கொடுக்கிறார்கள். ஒருவர் தனியார் கிளினிக்கில் ‘காஸ்டிரிக்’ என்று சொல்லி மாத்திரை வாங்கும்போது, குளோபிடோக்ரெல் எடுப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சென்னையிலோ மதுரையிலோ சிகிச்சை பெற்றுத் திரும்புபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஒரே கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள். உறை மேல் பெரிதாக இருப்பது வணிகப் பெயர் மட்டும். இங்கே வந்து கிளினிக்கில் மறுபடி ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுத்தால், இரண்டும் இரட்டிப்பாகிவிடும். அட்டையை அப்படியே கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

வலியை உடனே போக்கும் என்று சந்தையிலும் இணையத்திலும் விற்கும் பதிவில்லாத ஜாமு, மூலிகைப் பொடிகள் பற்றி மலேசிய சுகாதார அமைச்சும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் பலமுறை எச்சரித்துள்ளன. சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் மறைமுகமாகக் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த இரண்டும் ஆஸ்பிரினுடன் சேர்ந்தால் வயிற்றுப் புண் வெடிக்க வேறு காரணம் வேண்டாம். சீன மருந்துக் கடையில் கிடைக்கும் டான்ஷென், டாங் குய், கின்கோ ஆகியவையும் வார்ஃபரினுக்கு ஆகாதவை. மூட்டில் தினமும் தாராளமாகத் தேய்க்கும் தைலத்தில் மெத்தில் சாலிசிலேட் இருந்தால் அதுவும் தோல் வழியே உள்ளே போய் வார்ஃபரினின் வேலையைக் கூட்டலாம்; இப்படி நடந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இரத்தம் எடுக்கும் பெக்காம் சிகிச்சையும் அழுத்திப் பிடித்துவிடும் ஊருட்டும் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு வேண்டாம்.

டிங்கி வந்தால்

நம் நாட்டில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டிங்கி காய்ச்சலில் ஆஸ்பிரின் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த அறிவுரை. ஆனால் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமே ஆன ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? ஒரு பக்கம் தட்டணு குறைந்து இரத்தம் கசியும் ஆபத்து, மறுபக்கம் மருந்தை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடும் ஆபத்து. வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கும் விஷயமல்ல இது. காய்ச்சல் தொடங்கியதுமே கிளினிக்குக்குப் போய், எந்த மருந்துகள் எடுக்கிறோம், ஸ்டென்ட் எப்போது வைத்தது என்று முதலிலேயே சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்து, தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

விரதம், நோன்பு, காவடி

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர்கள் உணவை முற்றிலும் மாற்றுகிறார்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு இது கணக்கை மாற்றும். முருங்கைக்கீரை, பசலை போன்ற பச்சைக் கீரைகளில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிர்வேலை செய்யும். திடீரென்று தினமும் கீரை என்றால் ஐ.என்.ஆர். அளவு கீழே இறங்கும்; திடீரென்று உணவைக் குறைத்தால் மேலே ஏறும். இதய மேலறை படபடப்புக்கு அது பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையை விலக்கத் தேவையில்லை, அளவு சீராக இருந்தால் போதும். விரதம் தொடங்குவதை வார்ஃபரின் கிளினிக்கில் சொல்லிவிட்டால் இடையில் ஒருமுறை கூடுதலாகப் பரிசோதிப்பார்கள்.

அலகு குத்துவதும் உடலில் கொக்கி மாட்டுவதும் இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்கு ஆகாது. இதைவிடக் கவலைக்குரியது, காவடிக்காக ஒரு வாரத்துக்கு முன்பே மருந்தை நிறுத்திவிடுவது. நேர்த்திக்கடனைப் பால்குடமாக மாற்றிக்கொள்ள முடியும். கூட்ட நெரிசலில் பத்துமலைப் படி நடுவில் ஸ்டென்ட் அடைபட்டால் கீழே கொண்டுவருவதே கடினம்.

நோன்பு இருக்கும் முஸ்லிம் அன்பர்கள் டிகாக்ரலோர், அபிக்சபான் போன்ற இருவேளை மருந்துகளை நோன்பு திறக்கும்போதும் சஹரிலும் எடுக்கலாமா என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவேளை மருந்தைப் பெரும்பாலும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றித் தருவார்கள். 20 மில்லிகிராம் ரிவராக்சபானை வெறும் வயிற்றில் எடுத்தால் முழுதாக உடலில் சேராது என்பதால் அதை உணவோடுதான் எடுக்க வேண்டும்.

பல் பிடுங்கும்போது

பல் மருத்துவரிடம் போவதற்கு முன் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவது பரவலான பழக்கம். ஒரு பல்லைப் பிடுங்க ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை. கடித்துப் பிடிக்கும் பஞ்சும் தையலும் கசிவை நிறுத்திவிடும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரண்டு மருந்துகளையும் இடையில் விடுவது, ஸ்டென்ட் திடீரென்று அடைபடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பெரிய அறுவை சிகிச்சை, குடல் உள்நோக்குப் பரிசோதனை போன்றவற்றுக்கு எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அறுவை மருத்துவரும் இருதய மருத்துவரும் பேசித் தீர்மானிக்கட்டும்.

ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டு போடக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாமா?

இருதய நோய் எதுவும் இல்லாத, ‘முன்னெச்சரிக்கையாக’ தினம் ஓர் ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆஸ்பிரீ ஆய்வில், 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் அவர்களுக்கு மாரடைப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. பெரிய இரத்தக்கசிவைக் கூட்டியது. ஸ்டென்ட் வைத்தவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் பொருந்தும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

எப்போது ஓட வேண்டும்?

பல் துலக்கும்போது ஈறில் சிறிது இரத்தம், கையில் சிறு நீலத் தழும்பு ஆகியவை இந்த மருந்துகளோடு வருபவை. அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். மூக்கில் இரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து மூக்கின் மென்பகுதியை விடாமல் 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், காப்பித் தூள் போன்ற வாந்தி, சிவந்த சிறுநீர், காரணமில்லாத தலைசுற்றலும் வெளிறிய முகமும் ஆகியவை உள்ளே கசிவதன் அடையாளங்கள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அது சாப்பிடாதவருக்குக் கறுத்தால் அன்றே போக வேண்டும். குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போய், எடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. காரை எடுத்துக்கொண்டு தாமே ஓட்டிப் போகக் கூடாது. அழைப்பை எடுப்பவர் ஆஸ்பிரின் மெல்லச் சொல்லலாம். அப்போது அவரிடம் சொல்ல வேண்டியவை மூன்று: இன்று ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுத்தாயிற்றா, வார்ஃபரின் போன்ற வேறு உறைவு எதிர்ப்பு மருந்து எடுக்கிறீர்களா, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ சமீபத்தில் இரத்தக்கசிவோ உண்டா. மருந்து அட்டைகளையும் ஸ்டென்ட் அட்டையையும் ஒரே பையில் போட்டு வாசலுக்கு அருகில் வைத்திருந்தால், ஆம்புலன்ஸ் வந்ததும் வீட்டிலுள்ள யாரும் எடுத்துக்கொடுத்துவிடலாம்.